பௌத்தப் பாடமும் கணினித் திரையும்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 31.1 விழுக்காட்டினர் பௌத்தர்கள். வகுப்புத் தோழன், எதிர்வீட்டுப் பாட்டி, விசாக தின விடுமுறை என்று நம் பிள்ளைகள் எங்கு திரும்பினாலும் பௌத்தம் கண்ணில் படுகிறது. ஆனால் புத்தர் யார் என்று கேட்டால் பதில் மூன்று வரியில் முடிந்துவிடும்: அரண்மனையை விட்டுப் போனார், மரத்தடியில் உட்கார்ந்தார், ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்றார். அவ்வளவுதான்.

1984 முதல் சில ஆண்டுகள் உயர்நிலை மூன்றிலும் நான்கிலும் சமயக் கல்வி கட்டாயப் பாடமாக இருந்தது. அதில் பௌத்தக் கல்வியும் ஒரு தெரிவு. 1990இலிருந்து அந்தக் கட்டாயம் போய்விட்டது. இன்று இந்தப் பாடத்தை எடுப்பவர்கள் விகாரைகளின் ஞாயிறு வகுப்புத் தொண்டூழியர்கள், மணிமேகலையைச் சொல்லிக்கொடுக்கும் தமிழாசிரியர்கள், சொந்தப் பிள்ளைக்கு வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர். மூன்று தரப்பும் கடைசியில் வந்து நிற்பது யூடியூபிலும் கூகுள் படத் தேடலிலும்தான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பௌத்தம் பற்றி இணையத்தில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் முகவரிக்குத்தான். எந்த ஊர்ச் சிலை, எந்த நூற்றாண்டு, எந்தச் சுத்தம் (புத்தர் உரை), எந்த மரபு என்று எதுவும் தெரியாமல் ஆயிரக்கணக்கில் படங்களும் பொன்மொழிகளும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எனவே ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மாணவர் கண்முன் வைக்கும் ஒவ்வொரு படத்துக்கும், ஒலிக்கும், வரிக்கும் முகவரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்து வெளியே போடுங்கள். இந்த விதியைக் கடைப்பிடித்தால் பாடத் தயாரிப்பு முதல் மாதம் இருமடங்கு நேரம் பிடிக்கும். பிறகு கையிருப்பு சேர்ந்து வேலை எளிதாகிவிடும்.

படங்கள்

முதலில் போக வேண்டிய இடம் அருங்காட்சியகங்களின் திறந்த தொகுப்புகள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலும் கிளீவ்லாந்து அருங்காட்சியகம் 2019இலும் பதிப்புரிமை காலாவதியான தங்கள் பொருள்களின் படங்களை யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டன. காந்தாரச் சிலை, சோழர் காலப் படிமம், தாய்லாந்துப் புத்தர் என்று எல்லாம் பெரிய அளவில் கிடைக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஊர், காலம், பொருள், உயரம் அச்சிட்டிருக்கும். அந்த நான்கையும் அப்படியே வில்லையின் (ஸ்லைடின்) அடியில் சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள். தொடக்கநிலைப் பிள்ளைகள்கூட இரண்டு மூன்று வகுப்புக்குள் அதைப் பார்க்கப் பழகிவிடுவார்கள்.

ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முப்பரிமாணத் தளத்தில் சீனாவின் வடக்கு சி அரசமரபுக் காலத்துச் சுண்ணாம்புக்கல் புத்தர் ஒருவர் இருக்கிறார். தலையும் கைகளும் இல்லை. ஆடை முழுக்கத் தேவலோகம், மனிதலோகம், நரகம் என்று செதுக்கியிருக்கிறார்கள். நேரில் போய் நின்றால்கூடத் தெளிவாகத் தெரியாத மெல்லிய கோடுகள். திரையில் நிறத்தை அகற்றிவிட்டு வெளிச்சத்தை ஒரு பக்கமிருந்து பாய்ச்சினால் பளிச்சென்று எழும். கணினி இல்லாமல் செய்யவே முடியாத வேலை இது. பாடத்தில் கணினிக்கு இடம் கொடுக்க வேண்டியது இப்படிப்பட்ட இடத்தில்தான். புத்தர் காட்டிய எட்டு உறுப்புப் பாதையின் எட்டுப் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பறந்து வரச் செய்வதற்குக் கணினி வேண்டாம், வெள்ளைப் பலகை போதும்.

அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று: இடம்வலம் மாறிய படங்கள். வடிவமைப்புக்கு வசதியாக இருக்கிறது என்று யாரோ படத்தைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். அது அப்படியே ஊர் முழுக்கச் சுற்றும். கண்டுபிடிப்பது எளிது. நிலத்தைத் தொடும் முத்திரையில் வலக்கைதான் வல முழங்காலைத் தாண்டித் தொங்கும். இடக்கை மடியில் உள்ளங்கை மேல்நோக்கிக் கிடக்கும். ஒரு தோள் மட்டும் திறந்திருக்கும் சிலையில் திறந்திருப்பது வலத்தோள். நம் பார்வைக்கு இரண்டுமே இடப்பக்கம் தெரிய வேண்டும். மாறியிருந்தால் அது கண்ணாடிப் படம். தர்மச் சக்கரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். எட்டு உறுப்புப் பாதைக்கு எட்டு ஆரம். இந்தியத் தளங்களிலிருந்து எடுக்கும் ஓவியங்களில் தேசியக் கொடியின் 24 ஆரச் சக்கரம் வந்து உட்கார்ந்திருக்கும்.

முத்திரையைப் பிள்ளைகள் செய்து பார்க்கும்போதும் இதே குழப்பம்தான். ஜூமில் நம் முகம் நமக்குக் கண்ணாடிபோல் தெரியும். மற்றவர்களுக்கு நேராகத் தெரியும். ஆசிரியர் வலக்கையை நீட்டினால் எதிரில் இருப்பவர்களில் பாதிப் பேர் இடக்கையை நீட்டுவார்கள். "வலது, இடது" என்று திருத்திக்கொண்டே இருக்காமல் "சோற்றுக்கையை முழங்காலுக்கு மேலே போடு" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

புத்தர் வாழ்க்கையைப் படக்கதையாகக் காட்டக் கார்ட்டூனைவிடப் பொரோபுதூர் சிறந்தது. ஜாவாவிலுள்ள இந்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தூபியின் முதல் சுற்றில், உள்சுவரின் மேல் வரிசையில் 120 புடைப்புச் சிற்பங்கள் புத்தர் வாழ்க்கையைச் சொல்கின்றன. விக்கிமீடியா காமன்ஸில் நல்ல படங்கள் இருக்கின்றன. கிழக்கு வாசலில் நுழைந்து இடப்பக்கம் திரும்பி, தூபியை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை; கோயில் பிராகாரத்தில் வலம் வருவதுதான். 120ஐயும் காட்டாதீர்கள். பத்து அல்லது பன்னிரண்டைப் பொறுக்கி, வரிசையைக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: அந்தத் தொடர் முதல் அறவுரையோடு நின்றுவிடுகிறது. புத்தரின் இறுதிக் காட்சியை அதில் தேடினால் கிடைக்காது. அதற்குக் காந்தாரச் சிற்பங்களுக்குப் போக வேண்டும்.

அசைவூட்டப் படங்களில் இன்னொரு தொல்லை, கதைகளை எல்லாம் ஒரே தட்டில் கலந்துவிடுவது. முதியவர், நோயாளி, பிணம், துறவி என்ற நான்கு காட்சிகளும் பாலி நிகாயத்தில் (பாலி மொழியிலுள்ள புத்தர் உரைத் தொகுப்பில்) விரிவாக வருவது கௌதமருக்கு அல்ல, முன்பிருந்த விபஸ்ஸி புத்தருக்கு. தீக நிகாயத்தின் 14ஆம் சுத்தத்தில் அது இருக்கிறது. கௌதமர் வாழ்க்கையில் அந்தக் காட்சிகளை வைத்து விரித்தவை பிற்கால நூல்கள். தொடக்கநிலைக்கு இந்த நுணுக்கம் வேண்டாம். உயர்நிலை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பிறகு எந்தக் காணொளியைப் பார்த்தாலும் "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிடும்.

மரியாதை பற்றியும் ஒரு வார்த்தை. புத்தர் படத்தின்மேல் எழுத்து ஓட விடாதீர்கள். சரியான விடைக்குச் சிரிக்கும் புத்தர், தவறான விடைக்கு அழும் புத்தர் என்ற விளையாட்டெல்லாம் வேண்டாம். பயிற்சித்தாளில் புத்தர் முகத்தை அச்சிட்டால் அது நாளை தரையிலோ குப்பைத் தொட்டியிலோ கிடக்கும். அதற்குப் பதில் அரச இலையைப் போடுங்கள். அந்த இலையின் நுனி வால்போல் நீண்டிருக்க வேண்டும். ஆயத்த ஓவியங்களில் வெறும் இதய வடிவம்தான் இருக்கும். பிள்ளையார் கோயில் பக்கம் நிற்கும் அரச மரத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வரச் சொன்னால் வீட்டுப்பாடமும் ஆயிற்று. பூங்காக்களில் இலை பறிக்க அனுமதி கிடையாது, படம் மட்டும்.

ஒரு குவளைத் தண்ணீர்

எல்லாப் பாடங்களிலும் பல்லூடகத்துக்கு மிகவும் பொருந்தி வருவது மஜ்ஜிம நிகாயத்தின் 61ஆம் சுத்தம், புத்தர் தம் மகன் இராகுலனுக்குச் சொன்னது. புத்தரே பொருளைக் கையில் வைத்துக் காட்டிப் பாடம் நடத்துகிறார். பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் வைத்து, "இது தெரிகிறதா?" என்கிறார். அறிந்தே பொய் சொல்லக் கூசாதவரின் துறவு இவ்வளவுதான் என்கிறார். பிறகு அந்த நீரைக் கொட்டிவிட்டுக் காட்டுகிறார். பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறார். கடைசியில் நிமிர்த்தி, வெறுமையைக் காட்டுகிறார். நான்கு காட்சிகள், நான்கு கேள்விகள். அசோகர் தம் பைராட் கல்வெட்டில், பிக்குகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்க வேண்டும் என்று பெயர் சொல்லிப் பரிந்துரைத்த சில உரைகளில், பொய் பற்றி இராகுலனுக்குச் சொன்னதும் ஒன்று.

இதை மாணவர்களே படம் பிடிக்கட்டும். நான்கு துண்டுகள், ஒவ்வொன்றும் பத்து விநாடி. கைத்தொலைபேசியைப் படுக்கைவாக்கில் வைத்து, இரண்டு தடிமனான புத்தகங்களுக்கு இடையில் செருகினால் ஆடாது. வீட்டு எவர்சில்வர் சொம்பைத்தான் முதலில் எடுத்து வருவார்கள். அதில் படம் சரியாக வராது: சொம்பின் வெளிப்புறத்தில் பிள்ளையின் முகமும் ஜன்னலும் தெரியும், உள்ளே இருக்கும் நீர் தெரியாது. கண்ணாடிக் குவளை நல்லது. பின்னால் கருநிறத் துணி, பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம், இரண்டு மேசைக்கரண்டி நீர். குவளையைக் கேமராவின் பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் நீர் ஓரத்தில் திரண்டு நன்றாகத் தெரியும். கொட்டும் காட்சியைக் கழுவுதொட்டியில் எடுக்கச் சொல்லுங்கள். மடிக்கணினிக்கு மேலே கவிழ்த்துக் காட்டும் ஆர்வக்கோளாறு வகுப்புக்கு ஒருவராவது இருப்பார்.

நான்கு துண்டுகளையும் ஒட்ட எந்த எளிய காணொளிச் செயலியும் போதும். குரலைத் தனியாகப் பதிய வைக்கவும். படம் எடுக்கும்போதே பேசினால் குழாய்ச் சத்தமும் மின்விசிறியும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே வாக்கியம், அதுவும் மாணவர் சொந்தத் தமிழில்.

அந்தச் சுத்தத்தின் அடுத்த பகுதிக்குக் கைத்தொலைபேசியின் முன் கேமராவே கருவி. "இராகுலா, கண்ணாடி எதற்கு?" "பார்த்துக்கொள்வதற்கு." அப்படியே செயலையும் சொல்லையும் எண்ணத்தையும் செய்யும் முன், செய்யும்போது, செய்த பின் என்று மூன்று வேளையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். உயர்நிலை மாணவர்களுக்கு இதை வாட்ஸ்அப் குழுவுக்குப் பொருத்திக் கொடுக்கலாம். செய்தி அனுப்பும் முன், தட்டிக்கொண்டிருக்கும்போது, அனுப்பிய பின் என்று மூன்று கட்டம் போட்ட ஒரு பக்கம். நிரப்பியதைப் பகிரச் சொல்லாதீர்கள், அவர்களிடமே இருக்கட்டும். பகிரச் சொன்னால் ஆசிரியருக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள்.

ஒலி

ஜூமில் மணி அடித்தால் "டிங்" என்ற தொடக்கம் கேட்கும், பிறகு சட்டென்று அறுந்துபோகும். மணியின் நீண்ட ரீங்காரத்தையும் ஓதுவதன் ஒரே சீரான ஒலியையும் பின்னணி இரைச்சல் என்று எண்ணி மென்பொருள் அமுக்கிவிடுவதுதான் காரணம். ஒலி அமைப்புக்குள் போய் "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்" என்பதை இயக்குங்கள். இயக்கிய பின் அறையின் மின்விசிறி, குளிர்சாதனம் எல்லாம் கேட்கும், அவற்றை நிறுத்திவிடவும். இன்னும் எளிய வழி, முன்பே பதிந்த மணியொலியைத் திரைப் பகிர்வில் "ஷேர் சவுண்ட்" வைத்து ஓடவிடுவது.

சேர்ந்து ஓதுவது இணையத்தில் நடக்காது. ஒவ்வொருவர் குரலும் வெவ்வேறு தாமதத்தோடு வந்து சேரும். தவிர, ஒரு நேரத்தில் ஒரு குரலைத்தான் மென்பொருள் முன்னுக்குக் கொண்டுவரும். எல்லாருடைய ஒலிவாங்கியையும் அடைத்துவிட்டு ஒருவர் மட்டும் ஓத, மற்றவர்கள் அவரவர் வீட்டில் கூடவே ஓதட்டும். உச்சரிப்பைத் திருத்த வேண்டுமானால் வாரம் இரண்டு பேர் என்று முறைவைத்து, அவர்கள் ஒலிவாங்கியை மட்டும் திறக்கவும்.

தமிழ் எழுத்தில் பாலி படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். "புத்தம் சரணம் கச்சாமி" என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் "கச்சாமி"யைக் கச்சேரிபோல் அழுத்திப் படிப்பார்கள். 'குடம்' என்பதன் ககரம் அல்ல, 'அங்கம்' என்பதன் ககரம் என்று சொல்லிக் கொடுங்கள்; முதல் எழுத்து 'அம்பு'வின் பு. வீட்டுச் சுலோகப் புத்தகங்களில் இருப்பதுபோல் எண் போட்டு "பு³த்³த⁴ம்ʼ ஸரணம்ʼ க³ச்சா²மி" என்றும் எழுதலாம். அக்ஷரமுக என்ற இலவச எழுத்துமாற்றி இதைத் தானே செய்து தரும். ஆனால் பத்து வயதுக்குக் கீழே இந்த எண்கள் மிரட்டும், அவர்களுக்கு ஒலிக்கோப்புதான். இயல்பு வேகத்தில் ஒரு முறை, யூடியூபில் 0.75 வேகத்தில் இரு முறை.

தியானத்துக்குச் செயலி எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. கைத்தொலைபேசியின் கடிகாரமே போதும். தொடக்கநிலை ஒன்று முதல் மூன்று வரை இரண்டு மூன்று நிமிடம், அதற்கு மேல் ஐந்து நிமிடம். தொடர்ந்து இத்தனை நாள் உட்கார்ந்தாய் என்று பதக்கம் கொடுக்கும் செயலிகளைக் கிட்டே சேர்க்காதீர்கள். பதக்கம் விட்டுப்போன நாளில் பிள்ளை அழும். பற்றைக் குறைக்கும் பாடத்தில் புதிதாக ஒரு பற்றை ஏன் வளர்க்க வேண்டும்?

வரைபடம்

கூகுள் எர்த்தை உலாவியிலேயே திறந்து ஒரு திட்டக் கோப்பு உருவாக்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு படமும் நான்கு வரியும் சேர்த்து, இணைப்பை அனுப்பிவிடலாம். இடத்தைப் பெயரால் தேடினால் உணவகமோ தங்கும் விடுதியோ வந்து நிற்கும், எண்ணால் தேடுங்கள். புத்தர் பிறந்த லும்பினி 27.47, 83.28. மெய்யறிவு பெற்ற புத்தகயை 24.70, 84.99. முதல் அறவுரை சொன்ன சாரநாத் 25.38, 83.02. மறைந்த குசிநகர் 26.74, 83.89. லும்பினி நேபாளத்தில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே எல்லைக்கோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். பிறகு அளவுகோல் கருவியால் புத்தகயையிலிருந்து சாரநாத்துக்கு நேர்கோடு இழுக்கச் சொல்லுங்கள். 210 கிலோமீட்டர் அளவில் வரும். மெய்யறிவு பெற்றவர் முதல் பாடம் நடத்த இவ்வளவு தூரம் நடந்தார் என்பது, கோட்டை இழுத்துப் பார்த்த பிள்ளைக்கு மறக்காது. சிங்கப்பூர்த் தீவு கிழக்கிலிருந்து மேற்கே 50 கிலோமீட்டர்தானே.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இத்துடன் நிறுத்தக் கூடாது. அடுத்த புள்ளி காவிரிப்பூம்பட்டினம். 1960களின் அகழாய்வில் அங்கே பல்லவனீச்சுரத்தில் பௌத்த விகாரை வெளிப்பட்டது. அதற்கடுத்து நாகப்பட்டினம், 10.77, 79.84. ஸ்ரீவிஜய அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் கட்டிய சூடாமணி விகாரை அங்கே இருந்தது. முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததைச் சொல்லும் 21 செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் எனப்படுகின்றன. 1856 முதல் நாகப்பட்டினத்தில் சுமார் 350 பௌத்தச் செப்புப் படிமங்கள் கிடைத்தன. பல இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்தப் புத்தர்களின் உச்சியில் தீச்சுடர் ஒன்று இருக்கும். படத்தைப் பெரிதாக்கி அதைத் தேடுவதே ஐந்து நிமிட விளையாட்டு.

நாகப்பட்டினத்திலிருந்து மலாக்கா நீரிணை வழியாக, ஸ்ரீவிஜயத்தின் தலைநகராயிருந்த சுமத்ராவின் பலெம்பாங்குக்குக் கடல்வழிக் கோடு இழுத்தால் அது நம் வாசல் வழியாகவே போவதுபோல் தெரியும். புத்தர் சீனர்களின் சாமி என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை அந்தக் கோட்டைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கி வையுங்கள்.

திரையை மூடிவிட்டு நேரில் போகவும் இடம் இருக்கிறது. ரேஸ் கோர்ஸ் சாலையில், பெருமாள் கோயிலுக்குப் பின்பக்கமாக நடந்தால், ஆயிரம் விளக்குக் கோயில் என்று எல்லாரும் அழைக்கும் சாக்கியமுனி புத்தகயை ஆலயம். தாய்லாந்துத் துறவி ஒருவர் 1927இல் தொடங்கியது. உள்ளே 15 மீட்டர் உயரப் புத்தர். பீடத்தைச் சுற்றிப் புத்தர் வாழ்க்கைக் காட்சிகள் இருக்கின்றன. பொரோபுதூரில் அடுக்கிய அதே காட்சிகளில் எவை இங்கே உள்ளன, எவை இல்லை என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். படம் எடுக்க முன்பே அனுமதி கேட்கவும். சிலைக்கு முதுகைக் காட்டித் தற்படம் எடுப்பதைப் பல பௌத்த நாடுகளில் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள்.

சொல், வினா, செயற்கை நுண்ணறிவு

மூல நூல்களுக்குச் சுத்தசென்ட்ரல் தளம். பாலி, சீனம், திபெத்தியம் மூன்றிலும் ஒரே உரையின் இணைகளைக் காட்டும். சுஜாதோ பிக்குவின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை அங்கே உரிமைச் சிக்கல் இல்லாமல் எடுத்துத் தமிழில் தரலாம். யாராவது ஒரு புத்தர் பொன்மொழியை அனுப்பினால் முதல் கேள்வி, சுத்த எண் என்ன? எண் இல்லையென்றால் வகுப்புக்கு வேண்டாம். சூரியன், சந்திரன், உண்மை மூன்றையும் நெடுநாள் மறைக்க முடியாது என்று ஊரெல்லாம் ஒட்டியிருக்கும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குத்தர நிகாயம் சொல்வது வேறு: சந்திர மண்டலமும் சூரிய மண்டலமும் ததாகதர் (புத்தர்) உரைத்த தம்ம விநயமும் (அறமும் ஒழுக்கமும்) மறைவில் அல்ல, வெளிப்பட்டே ஒளிர்கின்றன. போஸ்டருக்கும் மூலத்துக்கும் உள்ள இந்தத் தூரத்தையே உயர்நிலை மாணவர்களுக்கு ஒரு பாடமாக வைக்கலாம்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் இதில் இன்னும் துணிச்சல்காரர்கள். இல்லாத வாசகத்துக்கு இருக்கிற எண்ணைப் போட்டுக் கொடுத்துவிடும். எண்ணைத் திறந்து பார்த்தால் அங்கே வேறு ஏதோ இருக்கும். ஓவியம் வரையச் சொன்னால் சாக்கியமுனிக்குப் பதில் தொந்தி பெருத்த புதாயை வரையும். சீன மரபில் மைத்ரேயரின் வடிவமாகப் போற்றப்படும் துறவி அவர். முத்திரையில் ஆறாவது விரல் முளைக்கும். கேள்வித்தாள் வரைவு, நிகழ்ச்சி அட்டவணை இவற்றுக்குப் பயன்படுத்துங்கள். வாசகத்துக்கும் படத்துக்கும் வேண்டாம்.

தமிழ்க் கலைச்சொல்லுக்கு மணிமேகலை போதும். இலவசப் பிரதி மதுரைத் திட்டத்தில் ஒருங்குறியில் இருக்கிறது. துன்பம் எதைச் சார்ந்து எது என்று தோன்றுவதைச் சொல்லும் சார்பின் பன்னிரண்டு கண்ணிகளை அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒரு பக்கம் பாலி, மறுபக்கம் இது என்று பன்னிரண்டு மின்னட்டைகள் செய்து, வட்டமாக அடுக்கும் பயிற்சி கொடுக்கலாம். இயந்திர மொழிபெயர்ப்பை இங்கே கலந்தால் கெட்டது. காப்பியத்தில் 'உணர்வு' என்பது பாலியின் விஞ்ஞாணம் (அறியும் உணர்வு), 'நுகர்வு' என்பதே வேதனா (இன்ப துன்ப நுகர்ச்சி). இன்றைய மொழிபெயர்ப்பி வேதனாவுக்கு 'உணர்வு' என்றோ 'வேதனை' என்றோ போடும். அட்டை மூன்றும் அட்டை ஏழும் மோதிக்கொள்ளும்.

கஹூட் வினாடிவினாவில் கேள்விக்கு 120 குறியீடு, விடைக்கு 75 என்று எல்லை உண்டு. தமிழுக்கு இது சீக்கிரம் தீர்ந்துவிடும், உயிர்மெய்க் குறியையும் தனியாக எண்ணுவதால். 'மணிமேகலை' நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு எட்டு. நேரத்தை 60 விநாடிக்கு உயர்த்துங்கள்; வேகத்துக்கு மதிப்பெண் என்பதை நீக்கிவிடுங்கள். தமிழை மெதுவாகப் படிக்கும் பிள்ளை விடை தெரிந்தும் தோற்பதற்கு இந்த வேகம்தான் காரணம்.

காணொளிக்குள் கேள்வி வைக்க எச்ஃபைவ்பி (H5P) என்ற கருவி நல்லது. லூமி என்ற இலவச மென்பொருளில் செய்து தனிக் கோப்பாக வெளியே எடுக்கலாம். ஆறு நிமிடக் காணொளி, மூன்று நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி. தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் பேசினால் காதுக்கு இதம், ஆக உரை 600 சொல்லைத் தாண்ட வேண்டாம். அந்தக் கோப்பை கூகுள் டிரைவில் போட்டு இணைப்பு அனுப்பினால் பக்கம் திறக்காது, வெறும் குறிமுறைதான் தெரியும். இணையப் பக்கங்களைத் தாங்கும் தளத்தில் ஏற்ற வேண்டும். வசன வரிக் கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். வேறு முறையில் சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பாடங்கள் இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றிய பின் 'கொ', 'கோ' இரண்டையும் கண்ணால் சரிபார்க்கவும். அந்த இரண்டில்தான் பெரும்பாலும் சறுக்கும்.

வகுப்பு நாள்

ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும் என்பதால் பாடத்தை 35க்குள் அடக்குங்கள். மூன்று நிமிடம் அமைதி, நான்கு நிமிடம் ஓதல், எட்டு நிமிடம் கதை, ஆறு நிமிடம் காணொளி, பத்து நிமிடம் செய்முறை, நான்கு நிமிடம் கேள்வி. வெட்ட வேண்டி வந்தால் காணொளியை வெட்டுங்கள், கேள்வியை அல்ல.

உயர்நிலை மாணவர்கள் பலர் பள்ளி வழியாக வாங்கிய கற்றல் சாதனத்தோடு வருவார்கள். அதில் பள்ளியின் மேலாண்மைச் செயலி இருக்கும். புதிய செயலி நிறுவ முடியாமல் போகலாம், சில தளங்கள் திறக்காமலும் போகலாம். உலாவியில் ஓடுவதை மட்டும் பயன்படுத்தி, முதல் நாளே ஒரு மாணவரின் சாதனத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரம் எதையும் பெற்றோர் சம்மதமின்றி வாங்கக் கூடாது என்பது தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டல். வினாடிவினாவில் பட்டப்பெயர் போதும். முழுப்பெயர், பள்ளி, பிறந்த தேதி எதற்கும் வேலையில்லை. 2021 பதிப்புரிமைச் சட்டத்தில் இணையப் பொருளைக் கல்விக்குப் பயன்படுத்தச் சலுகை உண்டு. அது இலாப நோக்கற்ற கல்வி நிறுவனங்களுக்கானது. விகாரையின் ஞாயிறு வகுப்பும் வீட்டு வகுப்பும் அதில் அடங்கும் என்று எண்ணிக்கொள்ளாமல், திறந்த உரிமமுள்ளவற்றையே எடுங்கள். யூடியூப் காணொளியைப் பதிவிறக்காமல் அங்கேயே ஓடவிடுங்கள்.

பிற சமயங்களோடு ஒப்பிட்டு மேல் கீழ் சொல்லும் காணொளிகள் நிறைய உண்டு. தமிழிலும் உண்டு. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கட்டும், அதற்கு முன்பே, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டில் முருகன் படமோ மேரி மாதா படமோ இருக்கலாம். எந்தக் காணொளியையும் கடைசி நொடி வரை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டே வகுப்பில் போடுங்கள். தானாக அடுத்தது ஓடும் வசதியையும் அணைத்து வையுங்கள்.